மேட்டுத் தெரு வால்வு

இப்போதெல்லாம் வாயால் சொன்னால் எவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதையே வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், "ஆகா, என்ன மூளை!" என்று தலையை ஆட்டுகிறார்கள். கழுத்தில் மணி கட்டிய மாடுகூட அவ்வளவு ஆட்டாது.

அப்படி ஒரு தாளைத்தான் என் பெண்டாட்டி கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். மேலே என் சகலையின் படம், கடைவாய்ப் பல்வரை தெரிகிற சிரிப்போடு. இவள் தங்கை புருஷன். இப்போது கவுன்சிலராக இருக்கிறான், மேயருக்கு நிற்கிறான். படத்துக்குக் கீழே 'முதல் நூறு நாளில் ஏழு வேலைகள்' என்று கொட்டை எழுத்து. நூறு நாளில் கோழிக்குஞ்சுகூட முட்டையிடாது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிப் படித்தவன் முதல் வேலையிலேயே நின்றுவிட்டேன். 'மேட்டுத் தெரு வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர்.'

அது என்னுடையது. குடிநீர் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வால்வு திறந்து மூடியவன் நான். மேட்டுக்கு ஏறுகிற இடத்தில் ஒரு வால்வு, எப்போதோ ரிப்பேருக்காக மூடியது, அப்புறம் இரண்டு சுற்று மட்டும் திறந்துவிட்டு, மேலே தார் போட்டுப் புதைத்துவிட்டார்கள். அதைத் தோண்டி முழுசாகத் திறந்தால் போதும் என்று வந்த இன்ஜினீயர்கள் ஒருவர் விடாமல் சொன்னேன். "பார்க்கலாம் பெரியவரே" என்றார்கள். பார்த்தவன் எவனுமில்லை. சகலை அப்போது என்னோடு கடப்பாரை தூக்கிக்கொண்டு வந்தவன். வாய் ஓயாது, அதனால் ஆபீசில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோவிடமும் சொல்லியிருந்தேன். இப்போது அது எனக்கே ஒலிபரப்பாகிறது.

"நான் சொன்னதுடி இது" என்றேன்.

"நீங்களும்தான் சொன்னீங்க. சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றாள். நாற்பது வருஷம் என் சோற்றைத் தின்றவள்.

சாயங்காலம் அவனே வந்தான். மேட்டுத் தெருவில் வாக்கப்பட்ட என் மகளும் அப்போது அங்கேதான் இருந்தாள். இடுப்பு வலியோடு தினம் இறங்கிவந்து, எங்கள் குழாயில் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவாள்.

"அண்ணே, ஜெயிச்சா செய்வேன்னு எவன் வேணா சொல்லுவான். ஒண்ணையாவது இப்பவே செஞ்சு காட்டணும். ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேன். ஆனா அந்த வால்வு எங்க இருக்குன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியல."

"எனக்கும் மறந்துபோச்சு."

மகள் கேனைக் கீழே வைத்தாள். "உங்களுக்கா? என் கல்யாணத்துக்கு யார் யார் வரலைன்னு இன்னிக்கும் வரிசையாச் சொல்றீங்களேப்பா."

வேறு வழியில்லாமல் சொன்னேன். தையல்கடை இரண்டாம் படியிலிருந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்து நாலு எட்டு. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஊரிலுள்ள மற்ற வால்வெல்லாம் இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். இது ஒன்று மட்டும் வேறு கம்பெனிச் சரக்கு, வலப்பக்கம் சுற்ற வேண்டும். இவன் வேலைக்கு வருவதற்கு முன்பே புதைந்துபோனது, இவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோண்டினார்கள். நான் சொன்ன இடத்தில் ஒரு விரல்கூட விலகாமல் மூடி தெரிந்தது. தெருவே கூடி நின்றது. நான் தையல்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். சகலை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஆளுயரச் சாவியை இறக்கி, இடப்பக்கம் சுற்றினான். இரண்டு சுற்றில் இறுகிவிட்டது.

மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஐயோ, நூல் மாதிரி வந்துக்கிட்டிருந்ததும் நின்னுபோச்சு!"

"மேயரய்யா, இருக்கறதைப் பிடுங்காதீங்க, அது போதும்!" என்று இன்னொருவன். தெரு சிரித்தது. பொய் சொல்வானேன், அந்தச் சிரிப்பு எனக்குத் தேனாக இறங்கியது.

அவன் விடவில்லை. "துருதான். நாலு பேர் சேர்ந்து அழுத்துங்க" என்று சாவியின் கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டச் சொன்னான். அழுத்தினார்கள். உள்ளே இரும்பு முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும். இன்னும் அரைச்சுற்று போனால் வால்வின் தண்டு முறியும், உள்ளே தண்ணீரை மறிக்கிற கதவு மூடியபடியே நின்றுவிடும். அப்புறம் தெருவையே பெயர்க்க வேண்டும். மேட்டுத் தெருவுக்கு ஒரு வருஷம் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. மகள் காலிக் கேன்களோடு சரிவில் நின்றாள். எல்லாரும் குழியைப் பார்க்க, அவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

"கையை எடுங்கடா!"

எப்படிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேனோ தெரியாது. சாவியைப் பிடுங்கி வலப்பக்கம் சுற்றினேன். ஆறாவது சுற்றில் தோள் நடுங்கியது. பதினாலாவது சுற்றில் காதைச் சாவியில் வைத்தேன். கீழே ஆறு ஓடுவது போல இரைச்சல். மேலே வீட்டுக்கு வீடு குழாய்கள் இருமின, துப்பின, பிறகு கொட்டின.

சகலை மைக்கைப் பிடித்தான். என் பெயரை விழுங்கிவிடுவான் என்று பார்த்தேன். "இந்தத் தண்ணி என்னுது இல்ல, எங்கண்ணனோடது. முப்பது வருஷமாச் சொன்னாரு. காதுல வாங்காதவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றான். கைதட்டல் காதைப் பிளந்தது. என்ன பெரிய மனசு என்று அவனுக்குத்தான் தட்டினார்கள். எனக்குக் கொடுத்த பெயரும் வட்டியோடு அவனிடமே போய்ச் சேர்ந்தது.

கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். மெதுவான குரலில் கேட்டான்: "வலப்பக்கம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

"நீ கேக்கலையே."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தான். "அப்ப மீதி ஆறையும் படிச்சுப் பாருங்கண்ணே. அதுல எதையெல்லாம் கேக்காம விட்டேன்னு சொல்லுங்க."

"போடா, நீயும் உன் நூறு நாளும்."

இறக்கத்தில் நடந்தேன். "அப்பா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க, எங்க வீட்டுத் தண்ணியில!" என்று மகள் கூப்பிட்டாள். கையை மட்டும் ஆட்டினேன். இத்தனை வருஷம் வராத தண்ணீர் என்று மேலே பாதி வீட்டில் குழாயைத் திறந்தே போட்டிருந்தார்கள். வாசலெல்லாம் நிறைந்து வழிந்து, துருவும் மண்ணுமாகப் பழுப்பு நிறத்தில் சரிவில் இறங்கி வந்தது. இன்னும் குடிக்க லாயக்கில்லை. என் செருப்பை நனைத்து, என்னைத் தாண்டி, எனக்கு முன்னால் தெருமுனையில் திரும்பி ஓடியது.