பெஜோ கதவில் கிடைத்த அழுகை

2003ஆம் வருடம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, புதுச்சேரி முதலியார்பேட்டை மஜீத் பட்டறையில் பழைய பெஜோ காரின் பின்கதவைப் பிரித்தபோது உள்ளே ஒரு குழந்தையின் அழுகை இருந்தது. குழந்தை இல்லை, அழுகை மட்டும். கதவின் உள்பலகைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே பிஸ்கட் டின் அளவில் ஒரு தகரப் பெட்டியை நாலு திருகாணி போட்டு யாரோ பொருத்தி வைத்திருந்தார்கள். மஜீத் மூடியை நெம்பியதும் அது வீறிட்டது. மூடியதும் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் அடங்கியது. மறுபடி திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் துருவும் ஒரு செத்த பாச்சையும் தவிர பெட்டியில் வேறொன்றும் கிடையாது.

மஜீத் பதறவில்லை. இருபத்தாறு வருடமாகப் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கார்களில் சீட்டுக்கடியில் ஜெபமாலை கிடைக்கும், பல்செட்டு கிடைக்கும், கிழிக்காத காதல் கடிதம் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சித்ரோன் காரின் கூரைத்துணியை உரித்தபோது அரை முழம் பழைய வெயில் கிடைத்தது. யாரும் கேட்டு வராததால் அவர் மனைவி ரமீஜா அந்த மழைக்காலம் முழுக்க அதில்தான் துணி உலர்த்தினார். பட்டறையில் ஒரே சட்டம்தான். வண்டியில் கிடைத்தது எதுவாயிருந்தாலும் வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். உரியவர் வரும்வரை விற்கவும் கூடாது, வீசவும் கூடாது. தகரப் பெட்டியையும் அப்படியே வைத்தார்கள்.

இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது அழுதது. பெயின்ட் அடிக்கிறவருக்குக் கோடு கோணலாகப் போனது. நாலு பிள்ளை பெற்று வளர்த்த ரமீஜா வந்து பெட்டியைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"இது நோவுல அழுறது இல்லீங்க, பசி. இப்பத்தான் பொறந்த புள்ள."

"பொறந்து எத்தினி நேரம் இருக்கும்?" என்று மஜீத் கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட ஆவல. மொத அழுகை இது."

காருக்குச் சொந்தக்காரர் லாஸ்பேட்டை விஜயராகவன். எல்லா பாகமும் ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்கிற பைத்தியம். ஒரு பின்கண்ணாடிக்காக மஜீத்தை எட்டு மாதம் அலையவிட்டவர். தான் நடத்தும் விடுதி வாசலில் அந்தக் காரை நிறுத்தி, வருகிற வெள்ளைக்காரர்கள் வாய்பிளப்பதைப் பார்ப்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வண்டியோடு வந்தது வண்டிக்குத்தான் சொந்தம், இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்டிவிடுங்கள் என்றார். பிறகு தயங்கி, "சவுண்டு மட்டும் கொஞ்சம் கொறைச்சு வெக்க முடியுமா பாய்?" என்று கேட்டார்.

"அது ஹாரன் இல்ல சார்," என்றார் மஜீத். அதோடு அந்தக் கார் வேலையை நிறுத்திவிட்டார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் தங்கம் விலைக்குக் கீழே நாலு வரி வந்தது. மறுநாளிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பிறந்ததும் கண்மூடிய பிள்ளைகளைப் பெற்றவர்கள். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். இது என் பிள்ளைதான் என்று எல்லோருமே சொன்னார்கள், பொய் சொல்லும் எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. மஜீத்துக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வதென்று தெரியவில்லை. ரமீஜாதான் ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து ஒருமுறை மூடியைத் திறந்து காட்டினார். கேட்டுவிட்டு எழுந்து போகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மஜீத் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வார். எட்டு நாளில் முப்பத்தோரு பேர் வந்து போனார்கள்.

ஒன்பதாம் நாள் வந்த தனக்கொடி அம்மாள் எதையும் கேட்க வரவில்லை. அறுபத்தேழு வயது, துறைமுகத்தை ஒட்டிய உப்பளம் பகுதிக்காரர். கார் என்ன கார் என்று மட்டும் பார்த்துப்போக வந்தேன் என்று சொல்லி வெளிக்கதவுக்கு வெளியிலேயே நின்றார். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார். அப்போது உள்ளே வேறொரு பெண்ணுக்காக மூடியைத் திறந்தார்கள். அழுகை பட்டறை முழுக்கப் பரவியது. ரமீஜா ஏதோ தோன்றி வாசல் பக்கம் திரும்பினார். வெளியே நின்றிருந்த கிழவியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, முந்தானையைத் தாண்டிப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

ரமீஜா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். "உள்ள வாங்கம்மா. ஒங்களுதுதான் அது. வாங்க," என்று தோளைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தார். உள்ளே இருந்த அந்த இன்னொரு பெண் தானே எழுந்து இடம் விட்டுக் கொடுத்தாள். அரசு மருத்துவமனை டாக்டர் பின்னால் இதைப் பரிசோதித்துவிட்டு, இந்த வயதில் பால் சுரப்பதற்குத் தனியாக மருந்து எதுவும் கிடையாது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். 1954ஆம் வருடம் தை மாதம் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. ஊரைச் சுற்றி இந்தியக் காவல் சாவடிகள். பெஜோ அப்போது டாக்ஸியாக ஓடியது, ஓட்டியவர் சக்கரபாணி. வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களைக் கதவுக்குள் ஒளித்துக் கடலூருக்குக் கொண்டுபோவது அவருடைய உபதொழில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்களை அவர் வலியப் போய்க் கேட்டு ஏற்றிக்கொள்வார். வளைகாப்பு முடிந்து இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை இறக்கிச் சோதனை போட எந்தக் காவலருக்கும் மனசு வராது. பதினெட்டு வயது தனக்கொடியை அவள் தாய் குஞ்சம்மாள் கடலூர்ப் பக்கத்துத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனதும் அந்தக் காரில்தான்.

சாவடியில் மாட்டுவண்டிகள் நீளமாக நின்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வலி முன்கூட்டியே வந்துவிட்டது. காருக்குள்ளேயே, குஞ்சம்மாளின் கையில், பெண் குழந்தை பிறந்தது. பத்தடி தூரத்தில் காவலர். சக்கரபாணிக்கு வேர்த்துக் கொட்டியது. திரும்பிப் பார்க்காமலே, "சத்தம் வரக்கூடாது. வந்தா உதவி பண்றேன்னு கதவைத் தொறந்துடுவானுங்க. அப்பறம் எல்லாரும் ஜெயில்ல கெடக்க வேண்டியதுதான்," என்றார். தனக்கொடி பயந்துபோய் வலது கையால் குழந்தையின் வாயைப் பொத்தினாள். வாயில் வழி கிடைக்காத அழுகை, ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி, சரியாக மூடாத பெட்டிக்குள் கடிகாரங்களோடு போய்ப் படுத்துக்கொண்டது. கடலூரில் சக்கரபாணி நாற்பத்திரண்டு கடிகாரத்தையும் அவசர அவசரமாக வழித்தெடுத்தார். அத்தனையும் ஒன்றாக டிக்டிக்கென்று ஓடியதில் அழுகை அவர் காதில் விழவில்லை. மூடியைப் போட்டுத் திருகாணியை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். ஒளித்தவர்கள் ஒளித்ததை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள், ஒளிந்ததை யாரும் தேடவில்லை. பதினேழு வருடம் கழித்து மஞ்சள் காமாலையில் இறக்கும்வரை சக்கரபாணிக்கு இது தெரியாது.

குழந்தைக்கு அமிர்தவல்லி என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் குரல் இல்லை. காது நன்றாகக் கேட்டது, தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். தனக்கொடிக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். தன் உள்ளங்கைதான் குரலை நெரித்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷனும் ஒருமுறை சண்டையில், நீதானடி அவ கொரலக் கொன்ன என்று சொல்லிவிட்டான். பிறகு அவன் நூறுமுறை வருத்தப்பட்டும் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து வலது கையால் மகளின் முகத்தை அவள் தொட்டதே இல்லை. முகம் கழுவிவிடுவது, பொட்டு வைப்பது எல்லாம் இடது கைதான். ஊர் ஒரு மாதிரி பார்த்தது. ஐம்பது வருடம் ஒரு தாய் தன் கைக்குப் பயந்து வாழ்ந்தாள். அமிர்தவல்லி வளர்ந்து மில் வேலைக்குப் போனாள். தறிச் சத்தத்தில் அங்கே எல்லோருமே கையால்தான் பேசுவார்கள் என்பதால் அவளுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஜாடை பேசுவதில் அவள்தான் அந்த ஷிப்டிலேயே கெட்டிக்காரி, வாயாடி என்றுகூடப் பெயர் வாங்கினாள்.

தனக்கொடி அம்மாள் வந்துபோன மறுநாள் காலை அமிர்தவல்லியைப் பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். நாற்பத்தொன்பது வயது, தலை பாதி நரைத்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். தனக்கொடி அம்மாள் பெட்டியை எடுத்து அவள் மடியில் திணித்தார். "எடுத்துக்கடி. ஒன் தொண்டைடி அது. நான் கண்ண மூடறதுக்குள்ள நீ ஒரு வார்த்த பேசி நான் கேக்கணும்."

எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரமீஜா குறுக்கிட்டார். முதல் அழுகை ஒரு தடவைதான். தொண்டைக்குள் போய் வெளியே வந்தால் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு பேச்சு வந்தாலும் வரும், வராமலும் போகும், யாராலும் உறுதி சொல்ல முடியாது. அமிர்தவல்லி பெட்டியைப் பார்த்தாள், அம்மாவின் நனைந்த முந்தானையைப் பார்த்தாள். பிறகு கைகளால் பேசினாள். மஜீத்தின் தகப்பனார் மில் தொழிலாளி, அதனால் அவருக்கு அந்த ஜாடை தெரியும். அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். இது எனக்கு இப்போது வேண்டாம், நான் எடுத்துக்கொண்டால் ஒரு மூச்சில் முடிந்துவிடும், அம்மா கேட்கட்டும், தான் நெரித்துவிட்டதாக நினைத்த பிள்ளை அவள் காதிலேயே அழட்டும், அவள் இருக்கும்வரை இது அவளுடையது என்கிறாள் என்றார்.

தாயும் மகளும் அங்கேயே சண்டை போட்டார்கள். ஒருத்தி சத்தமாக, ஒருத்தி கையால். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த விஜயராகவன் பெட்டியை வாங்கி அடிப்பக்கம், மேல்பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தார். "இதுல கம்பெனி முத்திரையே இல்ல. ஒரிஜினல் கெடையாது. எடுத்துட்டுப் போவட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். காருக்கு நாலு மாதத்தில் வேலை முடிந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிப் போனார். இப்போதும் அது விடுதி வாசலில் நிற்கிறது.

பெட்டி உப்பளத்தில் ஆறு வருடம் இருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை தனக்கொடி அம்மாள் அதை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொள்வார், அழுகை அடங்கிவிடும். பெட்டி வந்த முதல் நாளே மகளின் கன்னத்தை வலது கையால் தடவிப் பார்த்தார், பிறகு அந்தக் கையை விலக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஜெயம், வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு எட்டு வந்து, புள்ள தூங்குதா என்று கேட்டுவிட்டுப் போவாள். காலையில் எழுந்ததும் தனக்கொடி அம்மாள் பெட்டியை மகளிடம் நீட்டி, இன்னைக்காவது எடுத்துக்கடி என்பார். மகள் பிறகு என்று கையை அசைப்பாள். எனக்கு வயசாவுதுடி என்பார். அதற்கும் அதே கை அசைவுதான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. மகளின் குரலைக் கேட்காமலே போய்விடுவோமோ என்பது ஒன்றுதான் அந்த அம்மாளுக்கு மிச்சமிருந்த கவலை.

2009 ஐப்பசியில், மழை விட்ட ஒரு பிற்பகலில், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முன்னறையில் கிடத்தி விளக்கேற்றினார்கள். தெருப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். மஜீத்தும் ரமீஜாவும் மாலையோடு வந்து ஓரமாக நின்றார்கள். அமிர்தவல்லி தலைமாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, சத்தம் இல்லை. நாலு மணி சுமாருக்குப் பெட்டி பசித்து அழ ஆரம்பித்தது. வழக்கமாகத் தூக்குகிற கைகள் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒப்பாரி ஒவ்வொருத்தியாக நின்றுபோய், அந்த அழுகை மட்டும் வீட்டுக்குள் கேட்டது. அமிர்தவல்லி மூடியைத் திறந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, கஞ்சி குடிப்பதுபோல் அண்ணாந்து குடித்தாள்.

பிறகு அவள் அழுதாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து, பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத குழந்தையின் அழுகை வந்தது. துறைமுகம் வரைக்கும் கேட்டது என்கிறார்கள். பிள்ளை பிறந்தால் செய்வதுபோல் கூட்டத்தில் ஒருத்தி சட்டென்று மணி பார்த்தாள். நாலு பத்து. ரமீஜா ஓடிவந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். அன்றைக்கே இருட்டுவதற்குள் எடுத்த பாடை தெருமுனை திரும்பும்வரை அமிர்தவல்லி நிறுத்தவில்லை, திரும்பியதும் தானாக நின்றது. அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. இன்றும் கையால்தான் பேசுகிறாள், அதே வாயாடித்தனத்தோடு. அன்றைக்கு அதைக் கேட்ட பெண்கள் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. பெத்தவ செத்தா பொண்ணு அழாம வேற யாரு அழுவா என்று சொல்லிக்கொண்டே தலை முழுக வீட்டுக்குப் போனார்கள்.