பூந்தொட்டித் தவளைகள்

அந்தத் தீவில் தவளைகளுக்கு இருந்த ஒழுங்கு மனிதர்களிடம் கிடையாது. மலையோடைத் தவளை ஓடையை விட்டு வராது. தண்ணீர் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்று கீச்சுக் குரலிலேயே பேசிப் பழகிவிட்டது. மரத்தவளை முட்டையிடக்கூடத் தரைக்கு இறங்காது, இலைநுனியில் நுரைக்கூடு கட்டிக் காரியத்தை முடித்துக்கொள்ளும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ரகம் முதல் மழைக்கு மட்டும் வெளியே வந்து, குடும்பக் கடமையை அவசர அவசரமாக நிறைவேற்றிவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துவிடும். உப்புத்தண்ணீர் ஓரத்தில் ஒன்று, வயலில் ஒன்று, குளியலறைச் சாக்கடையில் ஒன்று என்று அதது அதனதன் இடத்தில் குடித்தனம் நடத்தின. அடுத்தவர் வீட்டு எல்லையில் கல் நட்டு வம்பு வளர்க்கும் புத்தி அவற்றுக்கு இல்லை.

இதெல்லாம் தவளைக்காரிக்கு அத்துப்படி. வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் உதவி ஆய்வாளர் என்று அவளுக்கு ஒரு பதவி உண்டு. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் அலைகிறவளை யார் பதவி சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? அவளிடம் ஒரு பிடிவாதம் மட்டும் இருந்தது. தன் காதால் கேட்காத தவளையைக் கேட்டதாகச் சொல்லமாட்டாள். கழுத்தில் கத்தி வைத்தாலும் மாட்டாள்.

கடற்கரையில் இருந்த பெரிய ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சதுப்பு. அதை மண்ணடித்து நிரப்பி வண்டிகள் நிறுத்த இடம் பண்ணவேண்டும் என்று ஹோட்டல் ஒற்றைக்காலில் நின்றது. தீவில் எந்தெந்த இடத்தில் என்னென்ன தவளை வாழ்கிறது என்று கணக்கெடுங்கள், மற்ற இடங்களைவிடச் சதுப்பில் சரக்கு அதிகம் இருந்தால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் நிரப்பட்டும் என்று அரசாங்கக் குழு சொல்லிவிட்டது. அந்தச் சதுப்பில் தவளைக்காரி முழங்கால் சேற்றில் நின்றே வயதைத் தொலைத்தவள். அது போய்விட்டால் தன் வீட்டை இடித்த மாதிரிதான் அவளுக்கு.

கணக்கெடுப்பைப் பங்கு பிரித்தார் இயக்குநர்.

"ஓடை, காடு, வயல், சதுப்பு எல்லாம் நீங்க பாத்துக்கங்க. ஹோட்டல் தோட்டத்த நான் எடுத்துக்கறேன். கஷ்டமான எடத்த மேலதிகாரிதான் சுமக்கணும்."

அந்தக் கஷ்டத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் ஏசி அறையும் அடக்கம். ஒரு வாரம் கஷ்டப்பட்டுவிட்டு, கன்னம் லேசாக உப்பித் திரும்பி வந்தவர், அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒலிப்பதிவைப் போட்டார்.

"தீவுலயே அதிகத் தவளை எங்க இருக்கு தெரியுமா? ஹோட்டல் தோட்டத்துல. உங்க சதுப்பெல்லாம் பக்கத்துல வரமுடியாது."

முதலில் மலையோடைத் தவளை கீச்சிட்டது. ஓடையே இல்லாத இடத்தில் இதற்கு என்ன வேலை என்று அவள் யோசிப்பதற்குள், கொளுத்தும் கோடையில் மண்ணுக்குள் தூங்கவேண்டிய தவளை எழுந்து கச்சேரி செய்தது. அடுத்து உப்புத்தண்ணீர்த் தவளை. ஜென்மத்தில் ஒன்றையொன்று பார்த்திராதவை எல்லாம் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் கூடி வரிசையாக ஆஜர் கொடுத்தன.

"இப்பதான் முக்கியமான கட்டம்," என்று இயக்குநர் ஒலியைக் கூட்டினார்.

"ஹ்ஹச்க்."

"எந்தப் புத்தகத்துலயும் இல்லாத சத்தம். புது இனம். கேட்டாலே தெரியுது பாருங்க, ஆண் தவளை. கொஞ்சம் கோபக்காரன். பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. என் பேரையே வெக்கணும்னு எல்லாரும் ஒரே வற்புறுத்தல்."

தவளைக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய தும்மல். போன வருஷம் ஜலதோஷத்தோடு சதுப்பில் நின்று ஒலிப்பதிவு செய்தபோது, தவளைகள் மிரண்டுவிடக்கூடாதே என்று மூக்கைப் பொத்தி அடக்கிய தும்மல்.

நேராக அத்தானிடம் போனாள். அக்காவின் கணவர் அந்த ஹோட்டலில்தான் எலெக்ட்ரீஷியன். அவளுடைய ஒலிப்பதிவுகளைச் சில மாதம் முன்னால் கேட்டு வாங்கிப் போனவர் அவர்தான். ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் குடுத்த தவளைச் சத்தத்த எல்லாம் என்ன பண்ணினீங்க?"

"பூந்தொட்டிக்குள்ள ஸ்பீக்கர் வெச்சுப் போட்டுவிட்டேன். கொசுவுக்கு மருந்தடிச்சதுல இங்க இருந்த தவளை எல்லாம் செத்துப்போச்சு. தீவுன்னு சொன்னீங்க, ஒரு தவளையக் காணோமேன்னு வர்றவங்க சண்டைக்கு நிக்கறாங்க. அதான்."

"எங்க சார் வந்து பதிவு பண்ணினப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தாம்மா வாயெடுத்தேன். அவரு பூந்தொட்டிக்கு முன்னாடி மைக்க நீட்டிக்கிட்டு, கண்ண மூடி ரசிச்சுக்கிட்டு நின்னாரு. மேனேஜர் வேற சும்மா இருன்னு சாடை காட்டினாரு. நமக்கெதுக்கு பெரிய மனுஷங்க விவகாரம்?"

மறுநாள் இயக்குநரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஸ்பீக்கர் கதையைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேஜைமேல் அவருடைய படம் போட்ட பத்திரிகை விரித்துக் கிடந்தது.

"அப்போ... என் தவளை?"

தும்மல் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே தெரிந்தது. இந்த மனிதர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்பீக்கரையும் சேர்த்து மூடி மறைப்பார். ஹோட்டல் தோட்டத்துக்கே முதலிடம் என்று அறிக்கை போகும். அடுத்த வாரமே மண் லாரி வரும்.

"அந்தச் சத்தம் சதுப்புல பதிவானது சார். நான்தான் பதிவு பண்ணினேன்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"நெஜமாவா?"

"ஆமா சார். சதுப்ப நெரப்பிட்டா அப்புறம் ஒங்க தவளைக்குப் போக எடமே இருக்காது."

இதிலும் பெரிய பொய்யில்லை என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் ஹோட்டல் தோட்டம் கருவிக் கோளாறு என்ற பெயரில் அறிக்கையிலிருந்து காணாமல் போனது. கோபக்காரன் சதுப்புக்குக் குடிபெயர்ந்தான்.

குழுத்தலைவர் நேரில் பார்க்கவேண்டும் என்றார். மழை விட்ட மத்தியானத்தில் அவரும் ஹோட்டல் மேனேஜரும் இயக்குநரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சதுப்பில் இறங்கினார்கள். அவர்களைச் சுற்றித் தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. கோரைக்குள்ளிருந்து ஒன்று, மிதக்கும் இலைமேலிருந்து ஒன்று, தாழ்ந்த கிளையிலிருந்து இன்னொன்று. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா," என்றார் தலைவர். "பேப்பர்ல வந்ததே, அது எங்க?"

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவரின் கால் சேற்றில் புதைந்தது. அவர் இழுத்தார். பூட்ஸ் 'ப்ளக்' என்றது.

"அதோ," என்றார் தலைவர். "கேட்டுச்சா?"

"அதேதான் சார்," என்றார் இயக்குநர்.

மேனேஜருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் தலைவரின் காதைக் குறைசொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அவரும் தலையாட்டினார். தலைவர் தவளைக்காரியிடம் திரும்பினார்.

"நீங்கதான் இதுல கெட்டிக்காரின்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க. உங்க காதுல விழுந்துச்சா?"

நிஜமான தவளைகள் அத்தனையும் கத்திக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றையாவது இந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதுமே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"விழுந்துச்சு சார்," என்றாள்.

சதுப்பு பிழைத்தது. நிரப்பக்கூடாது என்று அங்கேயே வாய்மொழி உத்தரவு ஆயிற்று. அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. யாரோ தன் காதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

கரையேறும்போது இயக்குநர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் வெளிநாட்டுலேருந்து பாக்க வர்றாங்க. ஒரு ஜோடி பிடிச்சு கண்ணாடித் தொட்டியில போட்டு வெச்சிடுங்க. கொஞ்சம் வாட்டசாட்டமானதாப் பாத்துப் பிடிங்க. என் பேரு வெச்சிருக்கு."