இரண்டு பக்கமும் வெட்டிய டிஸ்க்

என் தம்பி தீபன் செய்த அநியாயத்துக்குச் சாட்சி என்னிடம் இருந்தது. ஒரு பழைய ஃபிளாப்பி டிஸ்க். முப்பத்தேழு வருஷமாக அதை பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன வாரம் அவன் சிலிம் ரிவர் ஊரிலிருந்து ஈப்போவில் என் வீட்டுக்கு வந்து, மகள் ஷாமினியின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினான். "வந்துடுக்கா," என்றான். நான் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவன் போனபின் பாழாய்ப்போன மனசு இளகப் பார்த்தது. விடுவேனா? டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜாஹித் கடைக்குப் போனேன். தம்பி செய்ததை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் கோபம் திரும்பிவிடும். கல்யாணத்துக்கும் போக வேண்டியதில்லை.

எண்பத்தெட்டில் நான் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்து கம்ப்யூட்டர் படித்தேன். அம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தாள். மூன்று மாதம் உழைத்து எழுதிய கடைசிப் பாடவேலை அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தது. அதைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், தீபன் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டாளி ரூபன் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் விளையாட்டு ஏற்றிக்கொண்டு வந்தான். டிஸ்க்கின் ஓரத்தில் இன்னொரு பள்ளம் வெட்டினால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலும் எழுதலாம். அப்போது பையன்கள் எல்லோரும் செய்த வேலைதான்.

மறுநாள் வகுப்பில், என் பெயர் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படி போட்டேன். திரையில் விமானம் வந்து குண்டு போட்டது. வகுப்பே சிரித்தது.

"பின்பக்கம்தான்க்கா ஏத்துனேன், திருப்பிப் போட்டுப் பாருக்கா," என்று வீட்டில் அழுதான். விட்டேன் ஓர் அறை. பின்பக்கத்தைத் தொட்டால் டிஸ்க்கே கெட்டுவிடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் சொல்வதைக் கேட்பேனா, பதினாலு வயசு வாலு சொல்வதைக் கேட்பேனா? சர்ட்டிபிகேட் போனது. கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றேன். அம்மா சாவிலும் அவனிடம் 'ம்' என்பதற்கு மேல் பேசவில்லை.

ஜாஹித் டிஸ்க்கைப் போட்டான். அதே விமானம், அதே குண்டு.

"பாத்தியா அந்தப் பய செஞ்ச வேலைய!" என்றேன்.

அவன் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்தான். "இது ரெண்டு பக்கமும் வெட்டுன டிஸ்க்லா. திருப்பிப் பாத்தீங்களாக்கா?"

"ஐயோ, கெட்டுடும்!"

"இனிமே கெட என்னாக்கா இருக்கு?" என்று திருப்பிப் போட்டான்.

டிரைவ் கரகரவென்று சுற்றியது. கலாதேவி சதாசிவம் என்று திரையில் என் பெயர் வந்தது. கீழே என் மூன்று மாத வேலை, ஒரு வரி குறையாமல் அப்படியே இருந்தது. 

"பள்ளம் வெட்டுற எடத்த லேபிள் மறைச்சிருக்கும், அதான் உரிச்சிருக்காங்க," என்றான் ஜாஹித். "திரும்ப ஒட்டும்போது பக்கம் மாத்தி ஒட்டிட்டாங்க."

அங்கேயே நின்று தீபனுக்குப் போன் போட்டேன். "தம்பி, திருப்பிப் போட்டேன்டா. எல்லாம் இருக்குடா."

 "இருக்கா?" என்றான். ஐம்பத்தொரு வயசுக்காரன் விம்மினான். "நீ அப்போ திட்டித் திட்டி, நாந்தான் அழிச்சிட்டேன்னு நானே நம்பிட்டேன்க்கா."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "தாலி எத்தன மணிக்குடா?" என்று கேட்டேன்.

"ஒம்பதுக்குக்கா."

"மொத நாளே வாரேன்," என்றேன்.