ஒரே எண் தாங்கிய கையுறைகள்

“கையுறையில நம்ம பேரைப் போடுங்க, மாமா.”

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று தாய் பன்முறை தடுத்திருந்த ஒன்றையே மகள் கேட்டுவிட்டாள். மேலைக் கதிரவன் ஆலைகளின் புகைக்கூண்டுகளுக்கிடையே சிவந்து இறங்க, சுமையேற்றும் வண்டிகளின் இரைச்சலும் வேலை முடித்துத் திரும்புவோரின் பேச்சொலியும் தெருவை நிறைத்திருந்த பொழுது அது. பட்டறையினுள்ளோ, வரிசை வரிசையாய்த் தலைகீழாகத் தொங்கிய வெண்பீங்கான் கைகள், பூசிய ரப்பர் மரப்பால் உலராமல், யாரிடமோ எதையோ இரப்பனபோல் விரல் விரித்திருந்தன.

மின்கம்பம் ஏறுவோர் அணியும் கையுறைகள் அங்கே உருவாயின. மூச்சை அடக்கி, மணிக்கட்டை மெல்லத் திருப்பி, ஒரு சொட்டும் வழியாமல் தாய் அப்பீங்கான் அச்சுகளை மரப்பாலில் தோய்த்தெடுக்கும் நேர்த்தியை, அக்குடியில் முதன்முதல் பட்டம் பெற்ற மகள் இன்றும் வியந்தே நோக்குவாள். தாயின் தம்பியாகிய மாமனோ முத்திரை அச்சு வெட்டுவதில் தமக்கையின் நேர்த்தியையும் விஞ்சியவர். பெயர்பெற்ற ஆலையொன்றின் கையுறையைப் பார்த்து அவர் வெட்டிய இலச்சினையை அவ்வாலையாரே தமதென்று கொள்வர். அத்துணை நுட்பமாய் வெட்டியவர், அந்த ஒரு கையுறை மின்தாங்கும் ஆய்வில் தேறியதற்கு அளிக்கப்பெற்ற எண்ணையும் விடாமல் வெட்டிவிட்டார். ஆதலின் அங்கே பிறந்தவை யாவும் அவ்வோர் எண்ணையே தாங்கிப் பிறந்தன.

மாமன் வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம பேரைப் போட்டா தெருநாய்கூட மோந்து பாக்காது, கண்ணு. வண்டி வாசல்ல நிக்குது, மூட்டையை ஏத்தவிடு.”

“எல்லாத்துலயும் ஒரே டெஸ்ட் நம்பர். அப்போ டெஸ்ட் பண்ணினது அந்த ஒண்ணை மட்டும்தானே? மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் உங்கம்மா கைவேலை. அதுக்கு மேல என்னடி டெஸ்ட்டு?”

மகள் மூட்டையருகே குனிந்தாள். மூட்டையிலிருந்து ஒன்றை உருவி, வாய்ப்புறத்தை இறுகச் சுருட்டி, அடைபட்ட காற்று ஐவிரலிலும் புடைத்து நிற்கச் செய்து, அருகே நின்ற தாயின் கன்னத்தோரம் பிடித்தாள். கண்ணுக்குப் புலப்படாத துளையொன்றின் வழியே கசிந்த காற்று, காதோரத்து நரையிழையை அசைத்தது. தாயின் முகம் வெளிறியது.

“தோய்க்கிறப்ப தூசி விழுந்திருக்கும்…”

“ஒண்ணு ரெண்டு அப்படித்தான் போகும், விடுக்கா,” என்றார் மாமன்.

“கம்பத்துல ஏறுறவனுக்கு மொத்தமே ரெண்டு கைதான் மாமா.”

“உன்னைப் படிக்க வச்சதே இந்தக் கையுறைதான். மறந்துடாத.”

“மறக்கலை. அதனாலதான் முதல்ல உங்ககிட்ட கேட்டேன். இல்லேன்னா நேரா கரண்ட் ஆபீசுக்கே போயிருப்பேன்.”

மாமன் திகைத்து, தமக்கையை நோக்கினார். அவளோ மகளைப் போ என்று சொல்லவுமில்லை. நில் என்று தடுக்கவுமில்லை. மூட்டையை அவிழ்த்துக் கீழே அமர்ந்து, அடுத்த கையுறையைச் சுருட்டித் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கைத்திறனைத் தானே ஐயுறத் துணிந்த அவ்வுள்ளத்தின் பெருமையை மகள் ஒருகணம் நின்று கண்டாள்.

பின்னர் அவள் வெளியேறினாள். முடிவு காலையிலேயே எடுத்தது. மாமன் திருந்த ஒரு வழி விடுவதற்கே மாலைவரை காத்திருந்தாள். நாளை இப்பட்டறை பூட்டப்படும், பெற்றவளின் அடுப்பும் அணையும் என்பதை அறிந்தே, இனி ஒருநாளும் முகம் காணப்போகாத எவனோ ஒருவன் கம்பத்திலிருந்து உயிரோடு இறங்கி வீடு சேரட்டும் என்று, நெரிசலை விலக்கிக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தை நோக்கி விரைந்து நடந்தாள்.