மாவீரனை உதைத்த செவலை

மீனாட்சிபுரத்து யோகப்பிரியாவிடம் ஒரு கறவை மாடும் ஒரு பழைய லேப்டாப்பும் உண்டு. மாட்டின் பெயர் செவலை. லேப்டாப்பில் ‘வேங்கைக்கோட்டை’ என்ற மாயாஜால கேம். அதை அவள் வெறுமனே ஆடுவதில்லை. தனக்குத் தோன்றும் மாற்றங்களை எழுதி அதற்குள்ளேயே சேர்ப்பாள். பூதத்தைக் கொல்ல ஆயிரம் வழி வைத்த புண்ணியவான்கள், கேமில் வரும் ஊர் மாடுகளை மட்டும் பொம்மையாக நிறுத்திவிட்டார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. யார் தொட்டாலும் குடம் நிறையுமாம். எந்த ஊர் மாடு அப்படிக் கறக்கும்?

ஆறு மாதம் உட்கார்ந்து அந்த மாடுகளுக்கு உயிர் கொடுத்தாள். பழகிய ஆளுக்குப் பால், புது ஆளுக்கு உதை. கேம் கம்பெனி ஒரு போட்டி வைத்திருந்தது. ஜெயிக்கும் மாற்றத்தை, செய்தவர் பெயரோடு கேமிலேயே சேர்த்துவிடுவார்கள். அங்கே தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வெளியே சொல்ல வெட்கம்.

கடைசி நாள் மத்தியானம் சித்திரபுரத்திலிருந்து ஜிஸ்மி கூப்பிட்டாள். கேம் மூலம் பழக்கமான தோழி. யோகப்பிரியா செய்வதையெல்லாம் முதலில் ஆடிப் பார்ப்பவள்.

“யக்கா, ஒங்க மாடு என்னைய பதினோரு தடவை ஒதச்சே கொன்னுருச்சு!”

“பழகோணும் ஜிஸ்மி.”

“கிட்ட போனாத்தானக்கா பழக முடியும்? கிட்ட போனா ஒதைக்குது. பூதத்தையே வெட்டுனவன் மாட்டுக்கொட்டாய்ல செத்துக் கெடக்கான். ஆறு மணிக்குள்ள அனுப்பணும்ல? அந்த ஒதைய எடுத்துருங்கக்கா.”

யோகப்பிரியாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஜிஸ்மி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செவலை தன்னை ஒருநாளும் உதைத்ததில்லை. அதனால் புது ஆள் எப்படிக் கிட்டே போவான் என்று அவள் யோசிக்கவே இல்லை. உதையை எடுத்தால் பழையபடி பொம்மை மாடு. எடுக்காவிட்டால் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

மனசில்லாமல் உதையை எடுக்கத்தான் உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு வேறு; அன்று காலை கறந்துவிட்டு எழும்போது தொழுவத்தில் வழுக்கி விழுந்திருந்தாள். இடது கையால் தட்டத் தொடங்கியபோது அவளுக்குப் பதிலாகக் கறக்கப் போன கணவன் பூபதிராஜா தொடையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றான்.

“ஏம்புள்ள, உன்ற நைட்டி ஒண்ணு குடு. தொவைக்காதது.”

“எதுக்குங்க?”

“செவலை ரெண்டு ஒதை உட்டுருச்சு. நாலு மணிக்கு சொசைட்டில பால் ஊத்தோணும்.”

அந்தப் பக்கத்தில் இது புதிதில்லை. கறக்கிற பெண் ஊருக்குப் போனால் அவள் துணியைப் போர்த்திக்கொண்டுதான் ஆண்கள் மாட்டுக்கிட்டே போவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் யோகப்பிரியா கறவைக்கு லீவு போட்டதே இல்லை. அதனால் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆறடி உயரம், முறுக்கு மீசை, வயலட் பூப்போட்ட நைட்டி. செவலை மோந்து பார்த்துவிட்டு வைக்கோலைக் கடிக்கப் போனது. வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. யோகப்பிரியா கைவலியையும் மறந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மறுபடி லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

உதையை அவள் எடுக்கவில்லை. கேமுக்குள் தொழுவத்துச் சுவரில் ஒரு ஆணியடித்து, பால்காரியின் வயலட் பூப்போட்ட அங்கியை மாட்டிவைத்தாள். கவசத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொள்ளும் வீரனுக்கு மாடு கறக்கும். சொசைட்டிக்குப் போய்வந்த பூபதிராஜா அவள் சொல்லச்சொல்ல எழுத்துகளைத் தேடித்தேடித் தட்டினான். ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் ஜிஸ்மி போனில் கத்தினாள்.

“யக்கா, நம்மதுதான் ஜெயிச்சிருக்கு! ஒலகமே அந்த அங்கியப் போட்டுத் திரியுது. பூதத்தை வெட்டப் போறப்பகூட ஒருத்தனும் கழட்ட மாட்டேங்குறான்!”

கேமைத் திறந்து பெயர்ப் பட்டியலுக்குப் போனாள். ‘கறவை: யோகப்பிரியா, மீனாட்சிபுரம்.’ அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குக் கீழே அவளே கேட்டுப் போடச்சொன்ன இன்னொரு வரி: ‘உடை: பூபதிராஜா.’

அவன் அதை இரண்டு தடவை படித்தான். காது சிவந்துவிட்டது.

“சொசைட்டில யாருக்கும் சொல்லீராத புள்ள.”

அவள் சொல்லவில்லை. மறுநாள் காலை சொசைட்டியில் பாலை அளந்து வாங்கியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளிடம் கேட்டார்: “ஏனுங்க, பேரன் கேம்ல பாத்தானாம்... நைட்டி வயலட்டுங்களாமா?”