சாமான் லிஃப்ட்

எங்கள் கட்டடத்தில் செத்தவர்கள் சாமான் லிஃப்டில்தான் இறங்க வேண்டும். குப்பை, சோபா, வேலைக்காரர்கள், ஈர நாய், சடலம் எல்லாம் அதில்தான். உலகப் போருக்கு முன்பே, பணக்காரர்கள் வாழும் பார்க் அவென்யூவில் பளிங்கும் பித்தளையுமாக எழும்பிய கட்டடம். அதன் கண்ணியம் கெட்டுவிடக் கூடாதாம்.

ஒரு டிசம்பர் காலையில் என் எதிர்வீட்டு மோர்ட்டன் வைன்ட்ராப் இறந்தார். டாக்டர் பார்த்துச் சான்றிதழ் எழுதிவிட்டுப் போனார். மனைவி எல்சாவுக்கு ஒரே ஆசை. நாற்பது வருடம் தொப்பியைத் தொட்டுக்கொண்டு நுழைந்த முன்வாசல் வழியாகவே அவர் வெளியேற வேண்டும்.

நிர்வாகக் குழுத் தலைவர் விட்னி தாயரைப் போனில் கேட்டாள். முதலில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் நாளை மீன்காரனும் முன்வாசலில் வந்து நிற்பான் என்றார். தவிர, சாமான் லிஃப்டும் மாலைவரை கிடைக்காது. அவருடைய குளியலறைக்கு இத்தாலியப் பளிங்கு ஏறிக்கொண்டிருந்தது.

"வெளியில நல்ல குளிர்தானே எல்சா. ஜன்னலைத் திறந்து வச்சுட்டா போதும்."

எல்சா போனை வைத்தாள், அழவில்லை. சவ வண்டியை முன்வாசலில் நிறுத்தச் சொல்லி அனுப்பினாள். பிறகு மோர்ட்டனின் சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். நானும் ஒரு கை பிடித்து அவரை அதில் உட்கார வைத்தேன். ஓவர்கோட், மஃப்ளர், கண்ணை மறைக்கும் தொப்பி, மார்பைச் சுற்றி ஒரு பெல்ட்.

நாங்கள் இறங்கிய முன் லிஃப்ட் வழியில் ஒன்பதாம் மாடியில் நின்றது. ஏறியவர் அங்கே குடியிருக்கும் தாயர். கூடவே, மேல்தள வீட்டை வாங்க வந்த வங்கி அதிகாரி அம்மாள். தாயரின் முகம் மோர்ட்டன் முகத்தின் நிறத்துக்கு வந்தது. பிணம் என்று சொன்னால் வீடு விலைபோகாது.

"குட் மார்னிங், மோர்ட்டன்," என்றார்.

"சார் பேசவே மாட்டாரோ?" என்றாள் அந்த அம்மாள்.

"இங்க யாரும் அநாவசியமா பேச மாட்டாங்க மேடம். நம்ம கட்டடத்தோட பழக்கம்," என்றார் தாயர்.

"எனக்கும் அப்படித்தான் வேணும்," என்றாள் அவள், பரம திருப்தியாக.

கீழே முன்வாசலுக்கு வந்ததும் எல்சா திரும்பினாள். "விட்னி, கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. அவர் போகணும்."

காவலாளி இரண்டடி தள்ளித்தான் நின்றான்; அசையவில்லை. தாயரே பிடித்தார், முதுகை வளைத்து, சிரித்த முகமாக, நாற்காலி முழுதும் தாண்டும்வரை.

வண்டி கிளம்பியதும் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். அவர் தொட்டது கதவை மட்டும்தான்.