இடது பக்கத்துக் குட்டைக் கம்பு

...கிண்டல்தானே அது, வேறென்ன, சாரம் கட்டினவன்தான் முதலில் ஏறி மிதித்துக் காட்ட வேண்டும், எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், அதற்காக ஏறினான், சரி, ஏறட்டும், ஆனால் கல்லு மாதிரி நல்ல காலை வைத்துக்கொண்டு எதற்காக இடது காலை விறைப்பாக நீட்டி இழுத்து இழுத்து ஏறினான் முத்துக்கருப்பன், என் கூடப்பிறந்த தம்பி, அத்தனை பேர் பார்க்க? பட்டாசு மருந்து அறைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முனியராஜ் கொத்தனாருக்கு, எனக்குத்தான், இடது முழங்கால் மடங்காது என்று தாயில்பட்டி முழுக்கத் தெரியும், அதை நடித்து வேறு காட்ட வேண்டுமா? எரிச்சல் தாங்காமல் வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். இறங்கினவன் நனைத்த கயிற்றையும் வெட்டிப்போட்ட துண்டுக் கம்புகளையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினான், ஏதோ கட்டு விட்டுப்போயிருக்கும், விட்டுப்போவதுதான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே...

இந்தக் காலே அவன் கொடுத்ததுதான். நாரணாபுரத்தில் மாடிச் சுவர் பூசும்போது அவன் கட்டின கட்டு நழுவியது, பலகையோடு நானும் போனேன். கயிற்றை நனைக்காமல் கட்டினானா, அவசரத்தில் ஒரு சுற்று குறைத்தானா, இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஊரே வந்தது, அவன் வரவில்லை. இருளம்மாள், என் பெண்டாட்டி, மண்ணை வாரித் தூற்றினாள், எனக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. ரெண்டு வருஷமாக முகத்தில் விழிக்காமல் இருந்தோம், இப்போது கான்ட்ராக்டர் தனுஷ்கோடி எங்கள் ரெண்டு பேரையும் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பூச அனுப்பியிருக்கிறார். வேறு இடத்து வேலையென்றால் இரும்புக் குழாயை மாட்டி ஏறிப் பூசிவிட்டு வந்துகொண்டே இருக்கலாம். இது பட்டாசுக் கம்பெனி, இரும்பும் இரும்பும் உரசி ஒரு பொறி விழுந்தால் போச்சு, வாசலிலேயே தீப்பெட்டியையும் செல்லையும் பிடுங்கி வைக்கிறவர்கள் குழாயை விடுவார்களா? சவுக்குக் கம்பு, தேங்காய்நார்க் கயிறு, பலகை, கோபுரம் கட்டின காலத்துச் சாரம்தான் வேண்டுமாம், அதைக் கட்ட இந்தப் பக்கத்தில் இவனை விட்டால் ஆள் இல்லையாம். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நொண்டிக்குப் பயம் என்பார்கள்... வீம்புதான், வேறென்ன.

ஏறுகிறேன். ஒவ்வொரு கட்டையும் கையால் அசைத்துப் பார்த்துத்தான் ஏறுகிறேன், அவன் பார்த்தால் பார்க்கட்டும். குறுக்குக் கம்புகள் இடுப்பு உயரத்துக்கு ஒன்று, வலது கால் எட்டிவிடும், இடது காலை என்ன செய்வது, கையை ஊன்றி உடம்பையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்தபோது கால் எதன்மேலோ நின்றது. ரெண்டு குறுக்குக் கம்புக்கும் நடுவே, பாதி உயரத்தில் ஒரு குட்டைக் கம்பு, கயிறு இன்னும் ஈரம். அதற்கு மேலே பார்த்தேன், ஒன்று, அதற்கும் மேலே ஒன்று, தொட்டி விளிம்பு வரைக்கும், எல்லாம் இடது பக்கமே. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. இது எந்த ஊர்ச் சாரம்? கோபத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஏலே, இங்கன எதுக்குலே இந்தக் குட்டைக் கம்பு?"

அவன் கீழே தண்ணீர் டிரம்மில் கயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"கால் வைக்கத்தான். பாத்து ஏறுங்கண்ணே."

அப்படியென்றால் காலையில் இழுத்து இழுத்து ஏறினது... என் கால் எங்கே மாட்டும், எங்கே தொங்கும் என்று அவன் காலில் அளந்தானா? அளக்க வேண்டுமென்றால் என் நடை தெரிய வேண்டுமே, பாதம் வெளிப்பக்கம் திரும்புவது, ஏறுமுன் தொடையை ஒரு தட்டுத் தட்டுவது, அத்தனையும் அச்சாக நடித்தானே, எங்கே நின்று பார்த்தான், எத்தனை நாள் பார்த்தான்? அவன் இருக்கிற தெருப்பக்கம் நான் போனதே இல்லையே. இவ்வளவு பார்த்தவனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வரத் தெரியவில்லையா? வந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசியிருப்பேன், அதோடு போயிருக்கும், இப்போது இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கோபம் தீரவில்லை, தீரவே இல்லை. ஆனால் அடுத்த கட்டை அசைத்துப் பார்க்க மறந்துவிட்டேன், கீழே குனியாமலே இடது காலைத் தூக்கி வைத்தேன், கம்பு இருந்தது.